ஓடிபி வராமலே பணம் போகுமா?

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் ஈரோடு பக்கம் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். போன புதன்கிழமை என் சேமிப்புக் கணக்கில் 86 ரூபாய் கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்தது. ஏதோ வங்கிக் கட்டணம் என்று விட்டுவிட்டேன். சனி இரவு தாண்டி, ஒன்று நாற்பதிலிருந்து ஒன்று ஐம்பத்திரண்டுக்குள் 4,215, 8,430, 16,860 என்று மூன்று தடவை பணம் போயிருக்கிறது. காலையில் பால் வாங்க எழுந்தபோதுதான் பார்த்தேன். பெங்களூரில் இருக்கும் மகன் ஆப் வழியாகக் கார்டை முடக்கினான். திங்கட்கிழமை வங்கிக்குப் போனால், "ஓடிபி சொல்லாமல் பணம் போகாதுங்கம்மா, நீங்களே யாரிடமாவது சொல்லியிருப்பீங்க" என்கிறார் அதிகாரி. எனக்கு ஓடிபியே வரவில்லை. போன் யாரிடமிருந்தும் வரவில்லை. கார்டு பீரோவில்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மகன் வெளிநாட்டு இணைய வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டக் கேட்டபோது, கார்டின் இரு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதைத் தவிர இந்தக் கார்டில் கடைக்குச் சரக்கு வாங்கியதும் ஏடிஎம்மில் எடுத்ததும்தான். அந்தப் பணம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்தது. திரும்பக் கிடைக்குமா? கணவர் இனிமேல் கார்டே வேண்டாம் என்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சல் செவ்வாய் இரவு வந்தது. இந்தப் பகுதியில் பதில் வரும்வரை நீங்கள் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்பதால், "நாளைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், முத்திரையோடு நகல் வாங்குங்கள்" என்று அன்றிரவே இரண்டு வரி அனுப்பினேன். புதன்கிழமை கொடுத்துவிட்டதாக நீங்கள் பதில் போட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஏன் அந்த அவசரம் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், அந்த அதிகாரி சொன்னதை எடுத்துக்கொள்வோம்.

ஓடிபி இல்லாமல் பணம் போகும். நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன், கடைசி ஆறு வருடம் கார்டு தகராறுகளைப் பார்க்கும் பிரிவில். அந்த மேசைக்கு வந்த புகார்களில் ஓடிபியே இல்லாத வகை ஏராளம். நம் நாட்டுக்குள் இணையத்தில் கார்டைப் பயன்படுத்தினால் இரண்டாவது பூட்டு ஒன்று வேண்டும் என்று 2009-லேயே ரிசர்வ் வங்கி கொண்டுவந்துவிட்டது. அப்போது கடவுச்சொல், இப்போது ஓடிபி. ஆனால் அந்தக் கட்டளை நம் எல்லைக்குள் இருக்கும் வணிகர்களுக்குத்தான். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு இணையக் கடைக்காரர் கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்க மூன்று இலக்க சிவிவி இவை போதும் என்று நினைத்தால் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். சில இடங்களில் சிவிவிகூடக் கேட்பதில்லை. உங்கள் மூன்று தொகைகளையும் பாருங்கள்: இரண்டாவது முதலாவதன் இரண்டு மடங்கு, மூன்றாவது நான்கு மடங்கு. டாலரில் 49, 98, 196 என்று போட்டால் கணக்கு ஏறக்குறைய நேராக வருகிறது. அதே கணக்கில் 86 ரூபாய் என்பது ஒரு டாலர். வெளிநாட்டுக் கடைதான், சந்தேகமே இல்லை.

அந்த 86 ரூபாயில் கொஞ்சம் நிற்க வேண்டும். அது திருடன் கதவைத் தட்டிப் பார்த்தது. உள்ளே ஆள் விழித்திருக்கிறாரா, கார்டு உயிரோடு இருக்கிறதா, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டாலர் போதும். அந்த ஒரு டாலருக்கு யாரும் வங்கிக்குப் போன் செய்ய மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். புதன், வியாழன், வெள்ளி சத்தமில்லாமல் போனது. சனி இரவு நாடே தூங்கும்போது, மறுநாள் வங்கி இல்லாத நேரமாகப் பார்த்து அள்ளினான். என்னை இதில் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். என் சொந்தக் கார்டிலேயே ஒரு முறை அறுபத்து சொச்சம் ரூபாய் போனபோது, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று பேப்பரை மடித்து வைத்தவன் நான். நாலாம் நாள் பதினோராயிரம் போனது.

எண் எப்படி அவனுக்குக் கிடைத்தது? இதற்கு உறுதியான பதில் உங்களுக்குக் கடைசிவரை கிடைக்காமலே போகலாம். வெளிநாட்டு வகுப்பு நடத்திய அந்தத் தளத்திலிருந்து கசிந்திருக்கலாம். நம் ஊர் இணையக் கடைகள் 2022 அக்டோபர் முதல் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது, அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்தான். வெளிநாட்டுக் கடைக்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இல்லாவிட்டால் யாரிடமிருந்தும் கசியாமல் வெறும் ஊகத்திலேயே எடுத்திருக்கலாம். கார்டிலுள்ள பதினாறு இலக்கங்களில் முதல் ஆறோ எட்டோ வங்கியையும் கார்டு வகையையும் காட்டுபவை, ஊருக்கே தெரிந்தவை. கடைசி இலக்கம் மற்ற எண்களிலிருந்து ஒரு கூட்டல் வாய்ப்பாட்டில் வருவது. நடுவில் மிஞ்சுவதைக் கணினியிடம் கொடுத்து ஆயிரக்கணக்கில் எண்களை உருவாக்கி, காலாவதி மாதங்களை மாற்றி மாற்றிப் போட்டு, எது விழுகிறது என்று பார்ப்பார்கள். அப்படி விழுந்த எண்ணாக உங்களுடையது இருந்தால், உங்கள் பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் "கார்டு பீரோவில்தானே இருந்தது" என்ற ஆறுதல் இந்தக் காலத்தில் எடுபடுவதில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. மகனுக்குத்தான் அனுப்பினீர்கள், சரி. ஆனால் அந்தப் படம் உங்கள் போனில், அவர் போனில், இரண்டு பேருடைய கூகுள் போட்டோஸிலும் இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும். அவர் அதைக் கணினியில் திறந்திருந்தால் அங்கேயும். இன்றைக்கே எல்லா இடத்திலும் அழிக்கச் சொல்லுங்கள். வங்கி கேட்டால் மறைக்கவும் வேண்டாம். அன்று நீங்கள் அனுமதித்துக் கட்டிய பணம் அது, அதற்கும் இந்தத் திருட்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் அனுமதிக்காத மின்னணுப் பரிவர்த்தனையில் நஷ்டம் யாருடையது என்பதை அது பிரித்துச் சொல்கிறது. தப்பு வங்கியுடையது என்றால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. தப்பு வங்கியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை, எங்கேயோ மூன்றாவது இடத்தில் நடந்தது என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் அப்போதும் முழுத் தொகையும் உங்களுக்கு. நான்கு முதல் ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், உங்களைப் போன்ற சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் சுமக்க வேண்டியிருக்கும். ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த வங்கி இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி, அதாவது அவர்கள் மனசு வைத்தபடி. ஓடிபியையோ பின் நம்பரையோ நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை போனது உங்கள் கணக்கு, தெரிவித்த பிறகு போவது வங்கியின் கணக்கு.

இதில் தகவல் வந்த நாளைச் சேர்க்காமல், உங்கள் கிளையின் வேலை நாட்களை மட்டும் எண்ண வேண்டும். உங்களுக்கு எஸ்எம்எஸ் வந்தது தேதிப்படி ஞாயிறு அதிகாலை. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. நீங்கள் கொடுத்தது கடைசி நாளில். ஒரு நாள் தள்ளியிருந்தால் இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வழக்காடிக்கொண்டிருப்போம். முந்தைய புதன்கிழமையின் 86 ரூபாய்க்கு மூன்று நாள் தாண்டியிருக்கலாம். அதைக் காட்டி, "அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்" என்று மொத்தத்தையும் தட்டிக்கழிக்கப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதனதன் தகவல் வந்த நாள்தான் கணக்கு.

எழுத்தில் கொடுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் வேலை பார்த்த ஒரு கிளைக்கு ஒன்பது நாள் தொடர்ந்து வந்தார். தினமும் கவுண்டரில் நின்று, யார் இருக்கிறாரோ அவரிடம் நடந்ததைச் சொல்லுவார். "மேலே சொல்லியிருக்கோம் சார், பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். பத்தாவது நாள் என் மேசைக்கு வந்தார். கணினியில் பார்த்தால் அவர் பெயரில் புகாரே இல்லை. ஒன்பது நாளும் அவர் பேசிய பேச்சு காற்றோடு போயிருந்தது. அவரைப் பொறுத்தவரை முதல் நாளே சொல்லிவிட்டார். வங்கியைப் பொறுத்தவரை பத்தாவது நாள்தான் சொன்னார். அவருக்காக நான் உள்ளே எவ்வளவோ எழுதிப் பார்த்தேன், பாதித் தொகைதான் வந்தது. நீங்களும் திங்கட்கிழமை செய்தது அதே காரியம்தான்.

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நடந்த கதையும் வருத்தமும் அதிகம், தேவையானது குறைவு. இன்னொரு கடிதம் சேர்த்துக் கொடுங்கள். முதல் புகாரின் எண்ணையும் தேதியையும் மேலே போட்டுவிட்டு, நான்கு பரிவர்த்தனைகளின் தேதி, நேரம், தொகை, கணக்கு அறிக்கையில் இருக்கும் கடைப் பெயர், பக்கத்தில் இருக்கும் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண் ஆகியவற்றை எழுதுங்கள். அப்புறம் இந்த வாசகம்: "மேற்படி நான்கு பரிவர்த்தனைகளையும் நான் செய்யவில்லை. யாருக்கும் அனுமதி தரவில்லை. கார்டு என் வசமே இருந்தது. இவற்றுக்காக எந்த ஓடிபியும் எனக்கு வரவில்லை. வந்ததாக வங்கி கருதினால், எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்ற பதிவைத் தரவும்." இந்தக் கடைசி வரிதான் அந்த அதிகாரிக்குப் பதில். வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஓடிபி போகவில்லை என்பது அவர்கள் கணினியிலேயே இருக்கும். அவரும் கெட்டவர் அல்ல. கவுண்டரில் நாள் முழுக்க ஓடிபி சொல்லி ஏமாந்தவர்களையே பார்த்துப் பார்த்து, எல்லோரும் அதே வகை என்று வாயில் வந்துவிடுகிறது.

அறிக்கையைக் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு தொகைக்கும் கீழே சின்னதாக இன்னொரு கழிவு இருக்கலாம். அயல்நாட்டு நாணய மாற்றுக்கான மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. அதையும் சேர்த்துக் கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள்.

புகார் கொடுத்ததிலிருந்து பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையை உங்கள் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், அதுவும் பணம் போன தேதியிலிருந்தே இருந்ததுபோல, வட்டி குறையாமல். விசாரணை முடியும்வரை அதை எடுக்க முடியாதபடி சில வங்கிகள் நிறுத்தி வைக்கும், அதனால் மகளின் கட்டணத்துக்கு இப்போதைக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு உச்ச வரம்பு 90 நாள். எஃப்ஐஆர் கொண்டுவந்தால்தான் புகாரையே வாங்குவோம் என்று யாராவது சொன்னால், அந்தச் சுற்றறிக்கையில் அப்படி எங்கும் இல்லை என்று சொல்லுங்கள். இருந்தாலும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு நீங்கள் இன்னும் கூப்பிடவில்லை என்று தெரிகிறது. கூப்பிடுங்கள். உள்ளூர்க் கணக்குக்குப் போன பணத்தை நிறுத்துவதில் அந்த எண் வேகமானது. வெளிநாட்டுக் கார்டுப் பணத்தை அவர்கள் மீட்டுத் தருவார்கள் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அவர்கள் தரும் ஒப்புகை எண் உங்கள் கோப்பில் கனமான தாள்.

முப்பது நாளில் வங்கி பதிலே தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லை என்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448. வங்கிக்கு முதலில் எழுதிய அத்தாட்சி இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த முத்திரை போட்ட நகலுக்கு அங்கேயும் வேலை உண்டு.

இந்த நாட்களில் இன்னொரு ஆபத்து உங்களைத் தேடி வரும். "உங்க ரீஃபண்ட் ரெடி, ஒரு ஆப் போட்டுக்கோங்க, திரையைக் காட்டுங்க" என்று யாராவது பேசுவார்கள். பணம் இழந்தவர்தான் சீக்கிரம் நம்புவார் என்பது அவர்களுக்குத் தெரியும். வங்கி எண்ணை கூகுளில் தேடாதீர்கள், தேடலில் போலி எண்கள் மேலே வந்து நிற்கும். கார்டின் பின்பக்கத்தில் இருப்பதையோ பாஸ்புக்கில் இருப்பதையோ பாருங்கள். வங்கிகளின் இணைய முகவரி இப்போது "டாட் பேங்க் டாட் இன்" என்று முடிய வேண்டும்.

சரி, இனி நடக்காமல் இருக்க என்ன செய்வது? நீங்கள் கடைக்காரர், அதனால் ஒன்று கேட்கிறேன். இரவு கடை சாத்தும்போது கல்லாவை எண்ணாமல் வீட்டுக்குப் போனதுண்டா? பத்து ரூபாய் குறைந்தாலும் யாருக்குச் சில்லறை அதிகம் போனது என்று யோசிப்பீர்கள். வங்கிக் கணக்குக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். கல்லாவை எண்ணியதும் ஆப்பைத் திறந்து கடைசி ஐந்து வரியைப் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும். தெரியாத வரி ஒன்று இருந்தால், அது மூன்று ரூபாயாக இருந்தாலும் அந்த இரவே கார்டை முடக்குங்கள்.

அடுத்தது சுவிட்ச். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகத் தரும் எல்லாக் கார்டும் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும்படி வர வேண்டும். இணையம், வெளிநாடு, கடை இயந்திரத்தில் கார்டைச் செருகாமல் தட்டிக் கட்டுவது மூன்றையும் நீங்கள் கேட்டால்தான் திறப்பார்கள். நீங்களே ஆப்பிலோ ஏடிஎம்மிலோ திறக்கலாம், மூடலாம், ஒவ்வொன்றுக்கும் உச்ச வரம்பு போடலாம். இரண்டு வருடத்துக்கு முன் அந்த வகுப்புக்குப் பணம் கட்ட யாரோ வெளிநாட்டுச் சுவிட்சைத் திறந்திருக்கிறார்கள், பிறகு மூடவில்லை. வேலை முடிந்ததும் மூடியிருந்தால் அந்த 86 ரூபாயே போயிருக்காது. தட்டிக் கட்டுவதில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது என்பதால் அதையும் மூடிவிடுவது என் வழக்கம். பெட்ரோல் பங்க்கில் நாலு வினாடி மிச்சமாவதற்காக அந்தக் கதவைத் திறந்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, பெரிய பணம் இருக்கும் கணக்கில் கார்டே இருக்கக் கூடாது. மகளின் கட்டணம், சரக்குக் கொள்முதல் பணம் எல்லாம் ஒரு கணக்கில் கிடக்கட்டும். இந்தக் கணக்குக்குக் கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் வங்கி எடுத்துவிடும், வருடக் கட்டணமும் மிச்சம். இன்னொரு கணக்கில் ஐயாயிரம், பத்தாயிரம் மட்டும் வைத்து அதற்குக் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஆட்டோ ஸ்வீப் வசதி. கணக்கில் மிஞ்சும் பணம் தானாக வைப்பு நிதியாக மாறும், நல்லதுதான். ஆனால் கார்டில் பணம் எடுக்கும்போது இருப்பு போதாவிட்டால் அந்த வைப்பு நிதி தானாக உடைந்து பணத்தைக் கொடுத்துவிடும். எடுப்பது நீங்களா திருடனா என்று அதற்குத் தெரியாது. கார்டு இருக்கும் கணக்கில் ஸ்வீப் வேண்டாம்.

வங்கியில் பதிவான எண் உங்கள் கையில் இருக்கும் எண்தானா என்றும் பாருங்கள். மகனின் பழைய எண்ணையோ, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம்மையோ கொடுத்துவிட்டு எச்சரிக்கையே வராமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாக்கள். உள்நாட்டில் பதிவு செய்தவற்றுக்குக் கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்று 2021 அக்டோபரிலிருந்து விதி. ஆப்பில் அந்தப் பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாததை ரத்து செய்யுங்கள்.

உங்கள் கணவர் கார்டே வேண்டாம் என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. முடக்கிய கார்டுக்குப் பதில் புதியது கேட்காவிட்டால் ஒன்றும் குடி முழுகாது, உங்கள் கடைக்கு யுபிஐ இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி போன்ற அவசரத்துக்கு ஒரு கார்டு கையில் இருப்பது நல்லது. மேலே சொன்ன சின்னக் கணக்கில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வந்ததும் சிவிவி எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு அதன் மேல் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். யாருக்கும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். மகன் கேட்டாலும் சரி, போனில் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள், அவர் கட்டி முடித்ததும் சுவிட்சை மூடிவிட்டு உறங்கப் போங்கள்.

பத்து வேலை நாள் கழித்துக் கணக்கில் வரவு வந்ததா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வரவில்லை என்றால் குறைதீர்ப்பாளருக்கான மனுவை இருவரும் சேர்ந்து தயார் செய்து வைத்துக்கொள்வோம்.